அக்காவுக்கு எண்பத்துநாலு

திருச்செங்கோடு
09.02.2025

அன்புள்ள அம்மிணி நிலாவுக்கு,

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். நீ நம்பவில்லை, உன் அம்மா நம்பவில்லை. உன் அத்தை என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே எதையும் நம்பியதில்லை. இன்றைக்குச் செய்தித்தாளிலேயே போட்டுவிட்டான். நம் மாநிலத்து ஆளுக்குச் சராசரி ஆயுசு எழுபத்துமூன்று. மொத்த இந்தியாவுக்கும் சேர்த்துப் பார்த்தால் எழுபதுதான். பேக்கரியில் அத்தனை பேருக்கும் நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். ராய்ச்சூர்ப் பக்கம் போர்வெல் போடப் போயிருந்தபோது, அந்த ஊர்க் கலெக்டரிடமே சொன்னவன் நான். "எங்க ஊர்க்காரன் உங்காளைவிட மூணு வருசம் சேர்த்தி இருப்பானுங்க சார்" என்றேன். மனுஷன் எழுந்து நின்று கைகொடுத்தார்.

நீ என்னடா என்றால் லக்னோவில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பக்கத்துக் கணக்கையும் பார்த்தேன். அறுபத்தாறுதானாம்! ஆக, ரயில் ஏறின அன்றைக்கே ஏழு வருஷத்தைத் தொலைத்துவிட்டாய். அல்தாப்பும் சேலத்துப் பிள்ளைதானே, அவருக்கும் ஏழு போச்சு. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினாலு வருஷம் சாமி. காலாகாலத்தில் ஊருக்கு மாற்றல் கேளுங்கள், விட்டதைப் பிடித்துவிடலாம்.

இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று வழக்கம்போல் கேட்பாய். நீ அல்தாப்பைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கு உன் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாளே, "அவகூடப் போன்ல ஒரு வார்த்தை பேசுனீன்னா என்ற எழவுக்கு நீ வரக்கூடாது" என்று. பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று யாரும் என்னிடம் வாங்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தச் சந்து வழியாகத்தான் நம் போக்குவரத்து. இந்த மாதிரிச் சந்து கண்டுபிடிக்க எட்டாங்கிளாஸ் போதும். உன் எம்.எஸ்ஸி. எல்லாம் தேவையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செத்தவர்களின் வயதைச் சேகரித்துக் கணக்குப் போடுவதுதானே உன் உத்தியோகம். என் அக்காவுக்கு, உன் அம்மாவுக்குத்தான், எத்தனை வருஷம் என்று ஒரு கணக்குப் போட்டு அனுப்பு. அவளுக்கு இந்தத் தையோடு அறுபத்துமூன்று. பிரஷர் இருப்பது உனக்குத் தெரியும். சுகாதார நிலையத்து மாரக்காள்தான் மாசாமாசம் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். நீ எழுதினால் நான் போய்ப் படித்துக் காட்டுவேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனால் காது கொடுக்காதவள்போல் காது கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஒன்று மட்டும் பார்த்து எழுது. போன கடிதத்தில் "அம்மாவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த இடம் வந்ததும் விசுக்கென்று எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். "இவ யாரு எனக்குப் புத்தி சொல்ல?" என்றாள். மீதிக் கடிதத்தை நான் எருமைக்குத்தான் படித்தேன். அது நன்றாகத் தலையாட்டியது.

இப்படிக்கு
உன் மாமன்
மாதேஸ்வரன்


லக்னோ
18.02.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கைகொடுத்த கலெக்டர் போன வருடம் தாசில்தாராக இருந்தார். பதவி உயர்வுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஏழு வருடத்தை நான் ரயிலில் தொலைக்கவில்லை மாமா. சராசரி என்பது ஆளுக்கு இவ்வளவு என்று ரேஷன் கடையில் அளந்து போடுவது அல்ல. உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். ஒரு ஊரில் போர்களின் சராசரி ஆழம் அறுநூறு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி ஒருவன் காட்டில் ரிக் வண்டியை நிறுத்தினால் அறுநூறில் தண்ணீர் வந்துவிடுமா? ஒருவனுக்கு முன்னூறிலேயே பீய்ச்சி அடிக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரனுக்கு ஆயிரம் போட்டும் வெறும் புகைதான் வருகிறது. இதை எனக்குச் சின்ன வயதில் வரப்பில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான்.

இன்னொன்று. எழுபத்துமூன்று என்பது பிறக்கிற குழந்தைக்குப் போடும் கணக்கு. தொட்டிலிலேயே இறந்துபோகிற குழந்தைகளும், இருபது வயதில் பைக்கில் போகிற பையன்களும் அதில் சேர்த்தி. அத்தனையும் தாண்டி அறுபதைத் தொட்டுவிட்ட பெண்கள் நம் பக்கத்தில் சராசரியாக எண்பது வரை போகிறார்கள். நம் மாநிலம் மேலே நிற்பதற்கு நம் ரத்தத்தில் தனியாக எதுவும் ஓடவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. தடுப்பூசி போடுகிறார்கள். மாரக்காள் மாதிரி ஒருவர் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறார். அவ்வளவுதான் ரகசியம்.

அந்த எண்பதுகூடக் கூட்டத்துக்குத்தான், அம்மாவுக்கு அல்ல. அம்மாவுக்கென்று ஓர் எண் போட எனக்குத் தெரியாது மாமா, அது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

கேட்கிற மனநிலையில் இருந்தால் இதையும் சொல்லுங்கள். அம்மா வைக்கிற மாதிரி கொள்ளுப் பருப்பு வைக்க அல்தாப் கற்றுக்கொண்டுவிட்டார். இந்த ஊரில் கொள்ளு தேடி அரை நாள் அலைந்தோம். எருமைக்கு முன்னால் படிக்கிற நிலைமை வந்தால் இதைச் சொல்ல வேண்டாம்.

நிலா


திருச்செங்கோடு
02.03.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

வெற்றி! உன் கடிதத்தை வரி விடாமல் படித்துக் காட்டினேன். அக்கா எழுந்து போகவில்லை!

நடந்ததைச் சொல்கிறேன் கேள். போகிற போக்கில் படித்துக் காட்டினால் மரியாதையாக இருக்காது என்று நம் ரிக் வண்டியையே அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, மாதேஸ்வரன் எங்கேயோ போர் போடப் போகிறான் என்று. வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அக்கா முறத்தை மடியில் வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் நாடகம். "உன் மக கடுதாசி" என்றேன். "அதுக்கென்ன இப்போ" என்றாள். ஆனால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். நானும் பார்க்காதவன்போல் இருந்துகொண்டேன்.

கொள்ளுப் பருப்பில் ஆரம்பித்தேன். வியாபாரத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு எதை முதலில் வைப்பது என்று தெரியாதா? "அந்தப் பையனா வெச்சான்?" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக 'அந்தப் பையன்' என்கிறாள். இதுவரை அவள் வாயில் வந்த பேர்களை நான் உனக்கு எழுதியதில்லை. அப்புறம் ஆயுசுக் கணக்கைப் படித்தேன். உரிக்கிற கை நின்றுவிட்டது.

"ஏண்டா மாதேசு, எனக்குன்னா போட்டா?"

"உனக்குன்னேதான்க்கா."

"ஆப்பீஸ் வேலையெல்லாம் உட்டுப்போட்டு உக்காந்து போட்டாளா?"

"ஒரு நாள் பூராப் போட்டிருக்கா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடலைத் தூசி என்றாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். படிக்கத் தெரியாதவள் அதை வைத்து என்ன செய்வாள்? அப்படியும் என்னிடம் திருப்பித் தரவில்லை.

நான் கிளம்பும்போது ஒரு படி கடலைக்காயைப் பையில் போட்டு, "அந்தப் பக்கம் யாராச்சும் போனா குடுத்து உடு" என்றாள். லக்னோவுக்கு யார் போகிறார்கள்? பார்சலில் போட்டிருக்கிறேன். வறுத்துத் தின்னுங்கள். இந்தக் குடும்பத்தை ஒன்றாகச் சேர்க்கப் பிறந்தவன் நான்தான் என்று உன் அப்பா உயிரோடு இருந்தபோதே சொல்வார்.

மாமன்


லக்னோ
13.03.2025

மாமா,

கடலைக்காய் வந்தது. அல்தாப் வறுத்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன், அப்புறம் முடியவில்லை. ஆபீசுக்கும் ஒரு பிடி கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறேன்.

"எனக்குன்னா போட்டா" என்று அம்மா கேட்டதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாமா, நீங்கள் அளந்துவிடுவீர்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இது அளந்தது இல்லை என்று எனக்குத் தெரிகிறது. 'கடலைத் தூசி' என்பதை உங்களால் கற்பனை செய்ய முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். மாத்திரை வரிக்கு அம்மா என்ன சொன்னார்? எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் இல்லை.

நிலா


திருச்செங்கோடு
25.03.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

மாத்திரைதானே? என்ன சொன்னாள் என்றா கேட்கிறாய்? "என்ற மக சொன்னா சரிதான்" என்றாள். வேளை தவறுவதில்லை. சாப்பாட்டை மறந்தாலும் மாத்திரையை மறப்பதில்லை. மாரக்காளே என்னிடம், "ஏனுங்க, இந்த ஊர்ல நான் போற ஊட்டுலயே உங்க அக்காதானுங்க ஒழுங்கு" என்று சொன்னாள். நானே அட்டையை எடுத்துப் பார்த்தேன், அத்தனையும் காலி.

நீ அதையே நினைத்துக்கொண்டு உட்காராதே. அக்கா இப்போது ஆளே வேறு. நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. போன வாரம் மலைப் படி ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள், பாதியில் ஒரு தடவைதான் உட்கார்ந்தாளாம். யாராவது நோய் நொடி என்று புலம்பினால், "எனக்கு இன்னும் வருசம் கெடக்குது" என்கிறாள். கேட்பதற்கே தெம்பாக இருக்கிறது.

நம் மாநிலக் கணக்கை இப்போது நான் தொழிலிலும் சொல்கிறேன். போர் போடலாமா வேண்டாமா என்று இழுக்கிற காட்டுக்காரனிடம், "அண்ணா, நம்ம ஆளுகளுக்கு ஆயுசு மூணு வருசம் சேர்த்தி, தண்ணிய அனுபவிக்க நீங்க இருப்பீங்க" என்றேன். அங்கேயே ஒப்புக்கொண்டான்.

வைகாசி விசாகத்துக்குத் தேர். நீயும் அல்தாப்பும் அதற்கு வரப் பாருங்கள். அக்காவிடம் நான் வாயை விடவில்லை. ஆனால் போன வருஷம்போல் இந்த வருஷம் அவள் கதவைச் சாத்தமாட்டாள் என்று என் மனசுக்குத் தெரிகிறது. நான் சொன்னது என்றைக்குத் தப்பியிருக்கிறது?

மாமன்


சேலம்
14.06.2025

நிலாவுக்கு,

உன் மாமியார் ரோஷன் பீவி அம்மா போனில் சொல்லியிருப்பார்கள். நான்தான் அவர்கள் கடைக்குப் போய் நின்று சொல்லச் சொன்னேன். சத்தியத்தை அப்போதும் மீறவில்லை. அதை நினைத்தால் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

தேர் அன்றைக்குக் காலையில் அக்கா காப்பி டம்ளரை வாங்கினாள். கை பிடிக்கவில்லை. டம்ளர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சாய்ந்தாள். வலது கையும் காலும் வரவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மூளை டாக்டர் இருக்கிறார் என்று காரில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரி ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறது. உயிருக்குப் பயமில்லை என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். கை திரும்ப நாளாகுமாம்.

டாக்டர், "பிரஷர் மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டார். நான், "நிறுத்தவே இல்லைங்க சார், வேளை தவறாம போடுவாங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். படுத்திருந்த அக்கா தலையை ஆட்டினாள், இல்லை என்று. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு முழம் உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். கம்பு டின்னுக்குள் இருந்தது, பிரிக்காத அட்டை அட்டையாக. மாரக்காள் வந்து பார்த்துவிட்டு அழுதாள். "கேக்கறப்பவெல்லாம் போட்டுட்டேன் சாமின்னு தானுங்க சொன்னாங்க" என்றாள். நான் அட்டையை எடுத்துப் பார்த்ததாக உனக்கு எழுதினேன். பார்க்கவில்லை.

ரோஷன் பீவி அம்மா தினமும் இரண்டு வேளை கஞ்சி கொண்டுவருகிறார்கள். முதல் நாள் அக்கா என்னைப் பார்த்தாள், யார் என்று கண்ணாலேயே கேட்டாள். "அல்தாப்போட அம்மாக்கா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கமே போய் நின்று கரண்டியை நீட்டினார்கள். அக்கா வாயைத் திறந்தாள்.

ஏன் நிறுத்தினாள் என்று டாக்டர் கேட்டார். அக்கா ஏதோ சொன்னாள், வாய் குழறியது. நீ அதையெல்லாம் யோசிக்காதே. கிளம்பி வா.

மாமன்


லக்னோ
20.06.2025

மாமா,

யோசிக்காதே என்கிறீர்கள். நேற்று ரோஷன் பீவி மாமி போனில் எல்லாம் சொன்னார்.

ஏன் மாத்திரையை விட்டீர்கள் என்று மாமி அம்மாவிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார். "எம் மக கணக்குப் போட்டு எழுதுனா. எனக்கு இன்னும் வருசம் இருக்குது. அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்றாராம். ஒரு எண்ணையும் சொன்னாராம். எண்பதோ என்னவோ என்று மாமிக்குச் சரியாக விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அம்மா விழுந்த செய்தி கேட்ட அன்றே டிக்கெட் எடுத்திருந்தேன், நேற்றைக்குத்தான் இடம் கிடைத்தது. அல்தாப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். மாமியின் போன் பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

போன வருடத்துக்கு அப்புறம் கோபத்தில் ஊருக்கு வராமல் இருந்தது வேறு. அப்போது என் பக்கம் நியாயம் இருந்தது, தலை நிமிர்ந்து இருந்தேன். இது அப்படி இல்லை. எண்களை யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். 'ஒரு மனிதரிடம் சராசரியைச் சொல்லாதீர்கள், அவர் அதைத் தன் எண்ணாக எடுத்துக்கொள்வார்' என்று பலகையில் எழுதிப்போடுகிறவள். என் அம்மாவுக்கு எண்பது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்கு, அம்மாவுக்கு அல்ல என்று கீழே நான்கு வரி எழுதிவிட்டால் ஆயிற்றா? இரண்டு வருடமாக என் குரலைக் கேட்காத பெண் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அம்மா என்னை நம்பினார் மாமா. நம்பியதால்தான் விழுந்திருக்கிறார்.

அந்தக் கட்டிலுக்கு முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்? நான் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை அல்தாப் பார்த்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மாத்திரை வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லியிருந்தேன். படித்தீர்கள்தானே? அதையும் மீறி அந்த எண் அம்மாவைக் கெடுத்திருக்கிறது என்றால், நான் இந்த வேலையில் இருக்கவே லாயக்கில்லை.

நிலா


சேலம்
26.06.2025

நிலாவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்று படித்தேன். படித்துவிட்டு முதல் காரியமாகச் சத்தியத்தை உடைத்தேன். உன் நம்பரைப் போட்டேன். அல்தாப் எடுத்தார். "மாமா, சொல்லுங்க மாமா" என்றார். சௌக்கியமா, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. போனில் என் வாய் எப்படியாவது என்னைக் காப்பாற்றிவிடும், எனக்கு அதன் குணம் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் திருத்த முடியாது.

மாத்திரை வரியை நான் படிக்கவில்லை. இரண்டு தடவை இல்லை, ஒரு தடவைகூட இல்லை. கண் அந்த வரிக்குப் போனதுமே தெரிந்துவிட்டது, இதைப் படித்தால் எருமைப் பக்கம் போய்விடுவாள் என்று. அன்றைக்குத்தான் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்துவிடக் கூடாது என்று தாண்டிப் போய்விட்டேன். "என்ற மக சொன்னா சரிதான்" என்று அவள் சொன்னதாக எழுதினேனே, அவளிடம் யாரும் எதுவும் சொல்லவே இல்லையே, எப்படிச் சொல்லியிருப்பாள்?

அதற்கு முந்தின வரி இருக்கிறதே, அதுதான் இன்னும் மோசம். அம்மாவுக்கென்று எண் போடத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நீ எழுதியபடியே படித்தேன். படித்து முடிக்கவில்லை, "தெரியாதாமா?" என்றாள். கோபமாக இல்லை. நீ சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையில் தனக்கு ஏதாவது மிட்டாய் வைத்திருக்கிறாயா என்று பார்ப்பாளே, இல்லாவிட்டால் ஒரு முகம் வைப்பாளே, அந்த முகம். மறுபடியும் குனிந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். கை ரிமோட்டைத் தேடியது.

என்னால் தாங்க முடியவில்லை சாமி. "பொறு, அடுத்த பக்கத்துல இருக்குது" என்றேன். அடுத்த பக்கமே கிடையாது. தாளைத் திருப்பி வெறும் முதுகைப் பார்த்துக்கொண்டு படித்தேன். 'அம்மாவுக்கென்று தனியாகக் கணக்குப் போட்டேன், எண்பத்துநாலு வயது வந்தது, இதில் ஒரு நாள் குறையாது' என்று. அப்புறம்தான் எனக்குன்னா போட்டா, வேலையை விட்டுப்போட்டா என்றெல்லாம் கேட்டாள். அவள் பேசியதை உள்ளபடியே எழுதினேன். எதைக் கேட்டுவிட்டுப் பேசினாள் என்பதை மறைத்துவிட்டேன். கடலைத் தூசியை நீ நம்பியது சரிதான், அது நிஜம்.

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள் இல்லையா? மாரக்காளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. போய் நயமாகக் கேட்டேன். "ஊட்டுக் கடுதாசிய ஊரார்கிட்டயா குடுப்பாங்க, போடா அக்கட்டால" என்றாள். தப்பித்தோம் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். தப்பித்தது நான், அவள் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சராசரி என்றால் என்ன என்று எனக்குப் புரியாமல் போகவில்லை. நீ போர்க்குழியை வைத்து எழுதியதுமே புரிந்துவிட்டது. எனக்குப் புரியாதா? முப்பது வருஷமாக வரப்பில் நின்று "ஐநூறுல தண்ணி உறுதிங்க" என்று சொல்லிச் சொல்லியே பிழைத்த வாய் இது. வந்தால் மாலை போடுவார்கள். புகை வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். இந்த ஒரு குழியில்தான் போக முடியவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கிறது.

உன் போன கடிதம் வரும்வரை நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அக்காவுக்கு வாய் குழறுகிறது, யாருக்கும் விளங்காது, அப்படியே போய்விடும் என்று இருந்தேன். நீ பழியை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டதைப் படித்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்பாடா என்றுகூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். டீக்கடைக்காரன், "ஏனுங்க உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டான். என் முகத்தில் அது தெரிந்திருக்கும்.

நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அவளுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இப்போது வா. வருவதற்கு முன்னால் இன்னொன்றும் தெரிந்துகொள். அந்த எண்ணை அவள் உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறாள். கை பிசைந்துவிட வருகிற பெண் நேற்று, "வலிக்குதுங்களா பாட்டி?" என்று கேட்டது. "வலிக்கட்டும், எண்பத்துநாலு வரைக்கும் இந்தக் கைதான வேணும்" என்று குழறிக் குழறிச் சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். இரண்டு விரல் நீண்டது. மாத்திரையும் போட்டுக்கொள்கிறாள், ரோஷன் பீவி அம்மா கொடுத்தால் மட்டும். என்னிடம் நேற்று, "கணக்குப் போட்டவ ஏண்டா இன்னும் வரலை?" என்று கேட்டாள். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வந்து அவளிடம் உள்ளதைச் சொல்வதானால் சொல், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சொல்ல வேண்டாம் என்று உனக்குத் தோன்றினாலும் அது உன் இஷ்டம். சொல்லாதே என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் வருகிற நாளை மட்டும் ரோஷன் பீவி அம்மாவிடம் சொல்லிவிடு. அன்றைக்கு நான் திருச்செங்கோட்டில் இருந்துகொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. எண்பது என்று நீ எழுதியதையே சொல்லியிருக்கலாமே, நாலு எதற்கு என்று நினைப்பாய். எண்பது என்றால் குத்துமதிப்பாகச் சொன்ன மாதிரி இருக்கும், மகள் உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி இருக்காது என்று பட்டது. தாளின் முதுகைப் பார்த்துக்கொண்டே தலையைத் தூக்கினேன். வாசலில் ரிக் வண்டி நின்றது. நம் வண்டி என்று உனக்கு எழுதினேன், அதுவும் முதலாளி வண்டிதான். அதன் நம்பரில் கடைசி இரண்டு எண் எட்டும் நாலும். அக்கா இடுப்பில் செருகிக்கொண்டது உன் கணக்கு இல்லை சாமி, அந்த லாரியின் நம்பர்.

மாதேஸ்வரன்